காலம் இடிக்கவில்லை

பழைய திரையரங்கு ஒன்று இடிக்கப்படும் ஒவ்வொரு முறையும் நம்முடைய பக்கங்களில் ஒரே சடங்கு நடந்தேறுகிறது. முதலில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் வரும். அதன்கீழ், அந்த அரங்கில் தாம் பார்த்த முதல் படத்தின் பெயரை ஒருவர் எழுதுவார். அடுத்தவர் இடைவேளையில் தின்ற சமோசாவை நினைவுகூர்வார். மூன்றாமவர் ‘ஒரு யுகம் முடிந்தது’ என்பார். நான்காம் நாள் எல்லோரும் வேறு துக்கத்துக்குச் சென்றுவிடுவோம். இதில் பங்கெடுப்பவர்களில் பாதிப் பேர் பல்கலைக்கழகங்களில் சினிமாவையும் நகரத்தையும் பண்பாட்டு வரலாற்றையும் கற்பிப்பவர்கள், அல்லது அவற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்கள். நானும் அவர்களுள் ஒருவன். ஆகவே இந்தப் பதிவு வெளியாருக்கு எதிரானதன்று, நமக்கு எதிரானது.

இந்த இரங்கல்களின் இலக்கணத்தைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லாமே செயப்பாட்டு வினையில் எழுதப்படுகின்றன. அரங்கம் ‘மூடப்பட்டது’, ‘இடிக்கப்பட்டது’, ‘மறைந்தது’. எழுவாய் தேவைப்படும் இடத்தில் ‘காலம்’ வந்து நிற்கிறது. காலத்தின் கோலம், காலத்தின் கட்டாயம், காலவெள்ளம். காலத்திடம் கடப்பாரையும் கிடையாது, ஏல அறிவிப்பு வெளியிடும் அதிகாரமும் கிடையாது. இடித்தவர்களுக்கு முகவரி உண்டு. தீர்மானங்களுக்குக் கோப்பு எண் உண்டு. வரலாறு பயின்ற நாமே எழுவாயை மறைத்து எழுதினால், அதை வேறு யார் தேடித் தருவார்கள்?

கொல்கத்தாவிலிருந்து தொடங்குகிறேன். 1907ஆம் ஆண்டு ஜாம்ஷெட்ஜி பிராம்ஜி மதன் அந்நகரில் எல்பின்ஸ்டன் பிக்சர் பேலஸ் என்னும் அரங்கை நிறுவினார். கூடாரங்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் படம் காட்டப்பட்டுவந்த காலத்தில், படத்துக்கென்றே எழுந்த முதல் நிலையான அரங்குகளில் ஒன்று அது. இந்தியாவின் முதல் நிலையான திரையரங்கு என்று பெரும்பாலான வரலாறுகள் அதையே குறிப்பிடுகின்றன. பார்சி நாடக மேடையிலிருந்து வந்த மதன், அந்த ஓர் அரங்கிலிருந்து தொடங்கி இந்தியா, பர்மா, இலங்கை என விரிந்த ஓர் அரங்கச் சங்கிலியையே உருவாக்கினார். படத்தைத் தயாரிப்பவர், விநியோகிப்பவர், திரையிடுபவர் ஆகிய மூவரும் ஒருவராகவே இருக்கும் வணிக முறையை இந்தியாவில் பெரிய அளவில் நடத்திக் காட்டியது மதன் தியேட்டர்ஸ்தான். அந்த முதல் அரங்கம் பின்னாளில் மினர்வா ஆயிற்று. பிறகு கொல்கத்தா மாநகராட்சியின் பொறுப்பில் புதுப்பிக்கப்பட்டு, சாப்ளின் என்னும் பெயரைப் பெற்றது. சில ஆண்டுகள் ஓடியது; பின்னர் பூட்டிக் கிடந்தது. 2013இல் இடித்தார்கள்.

யார் இடித்தார்கள்? நில வணிகர் அல்லர். வாரிசுச் சண்டையில் சிக்கிய குடும்பமும் அன்று. மாநகராட்சியே இடித்தது. தன் கையில் இருந்த பொதுச் சொத்தை, தான் புதுப்பித்துத் தானே பெயர் சூட்டிய அரங்கை, தானே பாழடையவிட்டு, பாழடைந்துவிட்டது என்பதையே காரணமாகக் கொண்டு இடித்தது. அதே நகரத்தில் 1985ஆம் ஆண்டு மாநில அரசு நந்தன் என்னும் திரைப்பட மையத்தைக் கட்டியது. சத்யஜித் ராய் திறந்துவைத்தார். பொதுப்பணத்தில் ஓர் அரங்கை நடத்த முடியாது என்று அந்நகரில் எவரும் சொல்லிவிட முடியாது, நந்தன் நடக்கிறது. சினிமாவை மதிக்காத நகரம் என்றும் அதைச் சொல்ல முடியாது. இந்தியாவில் திரைப்படச் சங்க இயக்கம் வேர்கொண்ட ஊர்களில் அது முதன்மையானது. அப்படிப்பட்ட ஊரில் 106 ஆண்டு வரலாற்றைச் சுமந்த ஓர் இடம் இடிபட்டபோது, கலை சினிமாவைக் கொண்டாடிய நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே கேள்வி. நம் மதிப்பில் படைப்பாளிக்கு இடம் இருந்தது. படம் பார்க்கப்பட்ட இடத்துக்கு இல்லை.

இனி தில்லி. சாணக்கியபுரியில் 1970இல் திறக்கப்பட்ட சாணக்யா அரங்கம் கட்டிடக் கலைஞர் பி. என். மாத்தூர் வடிவமைத்தது. பூச்சில்லாத கான்கிரீட்டின் திண்மையைத் தயக்கமின்றிக் காட்டிய கட்டிடம் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒருசேர அமர்ந்து பார்த்த கூடம். ஆங்கிலப் படங்களுக்காகத் தில்லியின் பல திசைகளிலிருந்தும் மாணவர்கள் பேருந்தேறி வந்த இடம். நிலமும் கட்டிடமும் புதுதில்லி மாநகராட்சி மன்றத்துக்கு உரியவை. நடத்தியவர்கள் உரிமக் குத்தகைதாரர்கள். உரிமத்தைப் புதுப்பிப்பது பற்றிய வழக்கு 2007இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பொதுச் சொத்தைப் பொது ஏலத்தின் வழியாகவே கொடுக்கவேண்டும் என்னும் கோட்பாடு வென்றது. அந்த ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் ‘தாரே ஜமீன் பர்’ படத்துடன் அரங்கம் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு இடித்தார்கள். இன்று அதே இடத்தில், அதே பெயரைச் சூடிக்கொண்டு, விலையுயர்ந்த பொருள்களின் வணிக வளாகம் நிற்கிறது. அதற்குள் பல்திரை அரங்கும் உண்டு.

கவனியுங்கள்: பொதுச் சொத்தை வெளிப்படையான ஏலத்தில் விடவேண்டும் என்பது தவறான கோட்பாடன்று. பழைய குத்தகைதாரருக்காகப் பரிந்துபேச எனக்கு எந்தக் காரணமும் இல்லை. என் வாதம் வேறு. அந்த ஏலத்தில் எது மதிப்பிடப்பட்டது? நிலம் மதிப்பிடப்பட்டது. ஆண்டுக்கு எத்தனை கோடி வருவாய் என்பது மதிப்பிடப்பட்டது. சுதந்திர இந்தியாவின் தலைநகரத்தில், தூதரகங்களுக்கு நடுவே, மாணவனின் சட்டைப்பைக்கு எட்டும் விலையில் ஒரு பொது அரங்கை வைத்திருந்த திட்டமிடல் சிந்தனை மதிப்பிடப்படவில்லை. அதற்கு எண் போட யாரும் முன்வரவில்லை. எண் போடக்கூடிய துறைகள் நம்முடையவை. நகர வரலாறு, திரைப்பட ஆய்வு, பண்பாட்டுப் பொருளியல் ஆகிய எல்லாம் தில்லியின் பல்கலைக்கழகங்களில் இருந்தன, இருக்கின்றன. சாணக்யாவைப் பற்றிய கண்ணீர்க் கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் மிகப் பெரும்பாலானவை அரங்கம் போனபின் எழுதப்பட்டவை.

இந்த இரண்டு இடிப்புகளையும் அருகருகே வைத்தால், ‘மரபுச்சின்னம்’ என்னும் சொல்லை நாம் எவ்வளவு எளிதாக விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்பது விளங்கும். 2017 ஏப்ரலில், தில்லி பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவல் வடிவமைத்து மகேந்திர ராஜ் பொறியியல் செய்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. அது 1972இல் எழுந்தது. 60 ஆண்டு நிறையாத கட்டிடத்தை மரபுச்சின்னமாகக் கருத இயலாது என்று சொல்லப்பட்டது. சாணக்யாவை இடித்தபோது அதற்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. சரி, வயதுதான் அளவுகோல் என்று வைத்துக்கொள்வோம். 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் 100 ஆண்டைக் கணக்காகக் கொள்கிறது. எல்பின்ஸ்டன் அந்த 100 ஆண்டைத் தாண்டி நின்றது. அப்போது என்ன சொல்லப்பட்டது? பழுதடைந்துவிட்டது, பயனற்றுப்போனது. தில்லியில் வயது போதவில்லை; கொல்கத்தாவில் வயது கூடிவிட்டது. எந்த வயதிலும் காப்பாற்ற இடந்தராத அளவுகோலை அளவுகோல் என்று எப்படி அழைப்பது?

‘ஆனால் அந்தக் கட்டிடம் பலமுறை மாற்றப்பட்டதே, அதில் அசல் என்ன மிஞ்சியிருந்தது’ என்று ஒரு கட்டிட வரலாற்றாளர் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி. கோவிலுக்கும் கோட்டைக்கும் பொருத்தும் அசல் என்னும் கருத்தைத் திரையரங்குக்குப் பொருத்துவதுதான் பிழை. திரையரங்கு மாறிக்கொண்டே இருப்பதற்காகக் கட்டப்பட்டது. மௌனப் படத்துக்கு இசைக்குழு அமர்ந்த பள்ளம் பேசும்படம் வந்ததும் தேவையற்றுப்போனது; ஒலிபெருக்கிக்காகத் திரையின் பின்புறம் மாறியது; அகலத்திரை வந்ததும் மேடையின் முகப்பு விரிந்தது; குளிர்சாதனத்துக்காகக் கூரைக்கடியில் இன்னொரு கூரை வந்தது. எல்பின்ஸ்டன், மினர்வா, சாப்ளின் என்ற மூன்று பெயர்களே ஒரு நூற்றாண்டின் மூன்று அடுக்குகள். காலனிய காலப் பெயர் சூடிய நிறுவனம், பின்னாளைய வணிக அரங்கம், மாநகராட்சியின் பொது அரங்கம். அடுக்குகளைப் படிப்பதே தொல்லியலின் வேலை என்று முதலாண்டு மாணவனுக்குக் கற்பித்துவிட்டு, திரையரங்கின் முன் நின்று ‘அசல் எங்கே’ என்று கேட்கிறோம்.

அடுத்த எதிர்வாதம் சந்தை. ‘யாரும் போவதில்லை, நஷ்டம், எனவே மூடினார்கள். இதில் வருந்த என்ன இருக்கிறது?’ இதைச் சொல்பவர்கள் தங்களை நடப்பறிந்தவர்கள் என்று கருதிக்கொள்கிறார்கள். நடப்பு அவ்வளவு எளிமையானதன்று. 1997இல் தில்லி சாக்கேத்தில் அனுபம் என்னும் ஒற்றை அரங்கு நான்கு திரைகளாகப் பிரிக்கப்பட்டு நாட்டின் முதல் பல்திரை வளாகமாயிற்று. அதன்பின் 2000களின் தொடக்கத்தில் பல மாநில அரசுகள் புதிய பல்திரை வளாகங்களுக்குப் பல ஆண்டுக் கேளிக்கை வரி விலக்கு அளித்தன. ஒற்றைத் திரை அரங்குகள் அதே காலத்தில் முழு வரியையும் கட்டிக்கொண்டிருந்தன. ஒருவருக்குத் தள்ளுபடியும் மற்றவருக்குச் சுமையும் கொடுத்துவிட்டு, ஓட்டத்தில் பின்தங்கியவரைப் பார்த்து ‘சந்தை தீர்ப்பளித்துவிட்டது’ என்பது பொருளியலன்று. அது கொள்கை. கொள்கைக்குப் பொறுப்பாளர்கள் உண்டு. மாற்று வழியும் கண்முன் இருக்கிறது: திருவனந்தபுரத்தில் கைரளி, நிளா, ஸ்ரீ ஆகிய அரங்குகளைக் கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. ஆண்டுதோறும் உலகத் திரைப்பட விழாவுக்கு அங்கே மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். மும்பையில் 1938இல் திறந்த ஈராஸ், ஆர்ட் டெகோ கட்டிடத் தொகுதியின் பகுதியாக 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. உள்ளே என்ன மாறினாலும் முகப்பு நிற்கிறது. எனவே முடியாது என்று சொல்லாதீர்கள். விரும்பவில்லை என்று சொல்லுங்கள்.

இதுவரை படித்துத் தலையசைத்தவர்களிடம் இனி வருகிறேன். ஏக்கம் நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைப் பேசாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது.

பழைய திரையரங்கைப் பொற்காலமாக எழுதுகிறோம். ‘எல்லோரும் ஒன்றாய் அமர்ந்தோம்’ என்கிறோம். எல்லோருமா? முதல் வரிசைக்கும் பால்கனிக்கும் வெவ்வேறு வாயில்கள், வெவ்வேறு கழிப்பறைகள், வெவ்வேறு படிக்கட்டுகள் இருந்த கூடங்கள் அவை. இரவுக்காட்சிக்குத் தனியாகப் போகும் சுதந்திரம் எத்தனை பெண்களுக்கு இருந்தது? தில்லி கிரீன் பார்க்கின் உபகார் அரங்கில் 1997 ஜூன் 13 அன்று புகையில் மூச்சுத்திணறி இறந்த 59 பேரை எந்த ஏக்கக் கட்டுரையில் காண்கிறோம்? கூடுதல் இருக்கைகளுக்காகப் பால்கனியின் வழிகள் அடைக்கப்பட்டிருந்தன என்பது நீதிமன்றங்களில் நிறுவப்பட்ட செய்தி. கீழ்த்தளத்தின் மின்மாற்றியில் பற்றிய தீ. மேலே வெளியேற வழியில்லாத பார்வையாளர்கள். பழைய அரங்கின் கதையில் இதுவும் ஓர் அத்தியாயம். வழக்குச் சான்று என்பதால் அந்த அரங்கம் கால் நூற்றாண்டுக்கும் மேலாக முத்திரையிடப்பட்டு நின்றது. 2023இல்தான் முத்திரையை அகற்ற நீதிமன்றம் அனுமதித்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வெட்கம் தோன்றுகிறது. ஒரு திரையரங்கின் கட்டமைப்பு ஒரு சான்று, அதை மாற்றவோ அகற்றவோ கூடாது என்பதைக் குற்றவியல் சட்டம் புரிந்துகொண்டது. வரலாற்றுத் துறை இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

ஏக்கத்துக்கு நான் எதிரியல்லன். ஆனால் ஏக்கம் இனிப்பானதை மட்டுமே சேமிக்கிறது. சான்றோ கசப்பையும் சேர்த்தே சேமிக்கும். இருக்கை வரைபடம் ஒன்று கையில் இருந்தால், எத்தனை வகுப்புகள், எந்த வகுப்புக்கு எந்தக் கதவு, நெரிசலில் எத்தனை பேர் எந்த வழியாக வெளியேறியிருக்க முடியும் என்று எல்லாவற்றையும் படிக்கலாம். புகைப்படத்தில் முகப்பு மட்டுமே தெரியும்.

இப்போது நம் துறைக்கு வருகிறேன். இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’ 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் அரங்கில் வெளியாயிற்று. இன்று அந்தப் படத்தின் பிரதி எதுவும் இல்லை. அந்த அரங்கும் இல்லை. 1913 மே 3 அன்று ‘ராஜா ஹரிச்சந்திரா’ திரையிடப்பட்ட கொரோனேஷனும் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மௌனப் படங்கள் எடுத்த நாட்டில், எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. படச்சுருள் அழிந்ததைப் பற்றி நமக்குக் குற்றவுணர்ச்சி உண்டு. 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பிறந்தது, பி. கே. நாயர் போன்ற ஒருவர் தன் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார். ஆனால் படம் பார்க்கப்பட்ட இடத்துக்கு ஒரு நாயர் கிடைக்கவில்லை. சினிமா என்றால் படம். படம் என்றால் பனுவல். பனுவலைப் படித்தால் போதும் என்று நாம் பழகிவிட்டோம். ஒரே படத்தின் ஒரே காட்சியைப் பற்றி நூறு ஆய்வுக் கட்டுரைகள் எழுதுகிறோம். அந்தப் படம் ஒரு நகரத்தில் எத்தனை நாள் ஓடியது, எந்த வகுப்பு நிரம்பியது, மாலைக்காட்சிக்கும் இரவுக்காட்சிக்கும் வசூல் வேறுபாடு என்ன என்று கேட்டால் விளம்பரத்தில் கண்ட ‘வெற்றிகரமான’ என்னும் அடைமொழியைத் தவிர நம்மிடம் விடை இல்லை.

இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்கும் மரபு நமக்கு இல்லாமலில்லை. 1927இல் காலனிய அரசு அமைத்த இந்தியத் திரைப்படக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் சென்னை வழக்கறிஞர் தி. ரங்காச்சாரியார். அமெரிக்கப் படங்களுக்கு எதிராகப் பேரரசுப் படங்களுக்குச் சலுகை தேடும் நோக்கம் அந்தக் குழுவின் பின்னணியில் இருந்தது; அதை மறக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் குழு ஊர் ஊராகச் சென்று 353 பேரிடம் சாட்சியம் கேட்டது. அரங்க உரிமையாளர்களையும் கேட்டது. யார் வருகிறார்கள், எவ்வளவு கொடுக்கிறார்கள், எங்கே அமர்கிறார்கள், எந்தப் படத்துக்குக் கூட்டம் என்று விசாரித்தது. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பிறகும் இந்தியப் பார்வையாளரைப் பற்றி எழுதும் எவரும் அந்தச் சாட்சியத் தொகுதிகளிடமே திரும்பிச் செல்கிறோம். சுதந்திரத்துக்குப் பிந்தைய திரையரங்குக்கு அப்படி ஒரு சாட்சியத் தொகுதி எங்கே? காலனிய அரசு தன் தேவைக்காகச் செய்த விசாரணையின் மிச்சத்தில் வாழ்ந்துகொண்டு, சுதந்திர நாட்டின் ஆய்வாளர்கள் தம் காலத்து ஆவணங்களை எடைக்குப் போக விட்டிருக்கிறோம்.

தமிழில் ஆய்வு செய்பவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான கேள்வி. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்கலைக் கூடம் திரையரங்குதான் என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சமூகப் படிநிலையன்று, வாங்கும் திறனே என்றும் கார்த்திகேசு சிவத்தம்பி எழுதினார். நாற்பதாண்டுக்கும் மேலாக அதை மேற்கோள் காட்டி வருகிறோம். அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? தரை டிக்கெட்டில் யார் அமர்ந்தார்கள், பெண்களுக்கான தடுப்பு எங்கே தொடங்கியது, வாங்கும் திறன் இருந்தும் மறுக்கப்பட்டவர்கள் உண்டா என்று அரங்கு அரங்காக ஆராய்ந்தால்தான் அந்தக் கூற்றை உறுதிப்படுத்தவோ திருத்தவோ முடியும். தியடோர் பாஸ்கரன் ஆவணக் காப்பகத்துக் கோப்புகளைப் புரட்டியதால்தான் தமிழ் சினிமாவின் தொடக்ககால அரசியலைப் பற்றி நாம் ஏதேனும் சொல்ல முடிகிறது. கோப்பு இருந்தது; ஒருவர் புரட்டினார். நாளை புரட்ட விரும்புகிறவருக்குக் கோப்பு இருக்குமா?

இப்போது என் சொந்தக் கணக்கைச் சொல்கிறேன். மற்றவர்களைச் சாடிவிட்டு நான் ஒதுங்கி நிற்பது அறமன்று.

சில ஆண்டுகளுக்கு முன் வட இந்திய நகரம் ஒன்றில் களப்பணியில் இருந்தேன். மூடிக் கிடந்த ஒரு திரையரங்கை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்து போய்ப் பார்த்தேன். அங்கே நாற்பதாண்டு காலம் ஆபரேட்டராக இருந்த முதியவர் கேபினைத் திறந்து காட்டினார். கார்பன் எரித்துப் படம் ஓட்டிய நாள்களில், இரு துண்டுகளுக்கு இடையிலான இடைவெளியைக் கண்ணால் அளந்து திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும் என்று கையால் செய்துகாட்டினார். கை அந்த அசைவை மறக்கவில்லை. கீழே அலுவலக அறையில் ஏழு சாக்குகள் இருந்தன. தினசரி வசூல் அறிக்கைகள், அவர்கள் சொல்லில் டி.சி.ஆர்.; விநியோகஸ்தருக்கு அனுப்பியவற்றின் நகல்கள். வகுப்புவாரியாக எத்தனை டிக்கெட், எத்தனை வரி, எத்தனை பங்கு. காட்சிக்கு ஒரு தாள் என்ற கணக்கில் பல ஆண்டுகள். ஒரு தாளின் பின்புறத்தில் ‘மழை, கூட்டம் இல்லை’ என்று இந்தியில் குறித்திருந்தது. இன்னொன்றில் ஊரடங்கு என்று இருந்தது.

நான் என்ன செய்தேன்? முகப்பை நான்கு கோணங்களில் படமெடுத்தேன். அன்றிரவே இங்கே பதிவிட்டேன். நூற்றுக்கணக்கானோர் விரும்பினார்கள்; பலர் பகிர்ந்தார்கள். சாக்குகளைப் பற்றி ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: வணிக நிறுவனங்களின் கணக்குத் தாள்கள் எங்கள் சேகரிப்புக் கொள்கைக்குள் வருவதில்லை. பதில் வந்தபோது சாக்குகள் பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தன. எடைக்கு எடுத்தவர் கொடுத்த தொகை, நான் அந்த நகரத்தில் இரண்டு நாள் தங்கிய அறை வாடகையைவிடக் குறைவு. அதை நானே கொடுத்து வாங்கியிருக்கலாம். தோன்றவில்லை. ஆவணத்தைக் காப்பது நிறுவனத்தின் வேலை, இரங்கல் எழுதுவது என் வேலை என்று பிரித்துவைத்திருந்தேன் போலும். முதியவர் கடைசியாகக் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: ‘படம் எடுத்தாயே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாயா?’

ஆகவே இனி இரங்கல் வேண்டாம்; வேலை செய்வோம். செய்யக்கூடியவை பெரிய திட்டங்களல்ல.

முதலாவது, உரிமக் கோப்புகள். 1918ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்தே திரையரங்கு நடத்த உரிமம் வேண்டும். மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம், மாகாணத் தலைநகரங்களில் காவல் ஆணையரிடம் பெறவேண்டும் என்று அந்தச் சட்டம் வகுத்தது. 1952ஆம் ஆண்டின் சட்டமும் ஏறத்தாழ அதே அமைப்பைத் தொடர்ந்தது. அதாவது நாட்டில் சட்டப்படி ஓடிய ஒவ்வொரு நிலையான அரங்கைப் பற்றியும் ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் விண்ணப்பமும் வரைபடமும் ஆய்வுக் குறிப்பும் உருவாகியிருக்க வேண்டும். அவை எங்கே, எவை எஞ்சியுள்ளன, எவை கழிக்கப்பட்டன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க ஒரு தாளும் பத்து ரூபாயும் போதும். ஒரு துறையின் முதுகலை மாணவர்கள் ஆளுக்கு ஒரு மாவட்டம் எடுத்தாலே ஓராண்டில் ஒரு மாநிலத்தின் பட்டியல் கிடைத்துவிடும்.

இரண்டாவது, அரங்கத்துத் தாள்கள். வசூல் அறிக்கைகள், முன்பதிவுப் பேரேடு, சம்பளப் பதிவு, விநியோக ஒப்பந்தம் ஆகியவற்றை ஆவணம் என்று ஏற்கும்படி நம் நூலகங்களின் சேகரிப்புக் கொள்கையைத் திருத்த வேண்டும். அந்தக் கொள்கையை வகுக்கும் குழுக்களில் இதைப் படித்துக்கொண்டிருக்கும் பேராசிரியர்கள் அமர்ந்திருக்கிறீர்கள்.

மூன்றாவது, மனிதர்கள். ஆபரேட்டர், டிக்கெட் கிழித்தவர், சுவரொட்டி ஒட்டியவர், கேன்டீன் நடத்தியவர், பெண்கள் பகுதிக்குக் காவல் நின்றவர். படச்சுருளில் வேலை செய்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. நட்சத்திரங்களின் நேர்காணல் எங்கும் கிடைக்கும். இவர்களுடையது நாம் பதிவுசெய்யாவிட்டால் கிடைக்காது.

நான்காவது, முடிவெடுப்பவர்கள். பொது அமைப்பின் உடைமையாக இருக்கும் அரங்கம் எதையும் இடிக்குமுன் அளவெடுத்த வரைபடமும் ஆவணப் பட்டியலும் கட்டாயம் என்று ஒரு விதியைக் கேட்போம். எல்லா அரங்குகளையும் காப்பாற்று என்று நான் கேட்கவில்லை. சில இடிக்கத்தான் வேண்டும், சில ஆபத்தானவை, சில நிலங்களில் பள்ளியோ மருத்துவமனையோ வருவதே மேல். இடிப்பதற்கு உரிமை இருக்கலாம். சுவடின்றி இடிப்பதற்கு ஒரு மாநகராட்சிக்கு உரிமை இல்லை; ஏனெனில் அது அதனுடைய பணமும் அன்று, அதனுடைய வரலாறும் அன்று.

இதைச் செய்தால் இழந்த கூடம் திரும்பி வராது. ஆனால் அடுத்த அரங்கம் இடிபடும்போது, ‘இடிக்கப்பட்டது’ என்று எழுதாமல், ‘இந்த அமைப்பு, இந்த நாளில், இந்தத் தீர்மானத்தின்படி, இந்த விலைக்கு இடித்தது, இன்னின்னார் இன்னின்ன வகுப்பில் இன்னின்ன கதவு வழியாக வந்து அமர்ந்த கூடம் அது’ என்று எழுத முடியும். எழுவாயோடு எழுதப்பட்ட ஒரு வாக்கியம் ஆயிரம் இரங்கல்களைவிடப் பயனுடையது. அடுத்த இடிப்பாளர் அதைப் படித்து ஒருமுறையேனும் தயங்கக்கூடும்.

உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் அரங்கம் ஒன்று இப்போது உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். அதன் முகப்பைப் படமெடுத்து இங்கே பதியாதீர்கள். உள்ளே சாக்கு மூட்டைகள் இருக்கின்றனவா என்று போய்ப் பாருங்கள்.